அலமாரியில் இல்லாத முகம்

மார்ச் 4, செவ்வாய்

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் போனை நீட்டி, "உன் படம் திரும்ப வருது பாரு" என்றார்.

என் படமாம். பள்ளிக்கூட ஹாலில் எங்களைத் தரையில் உட்காரவைத்துக் காட்டிய அணுகுண்டுப் படம். ஊரே எரிந்தபிறகு, மெழுகு உருகி வழிந்த மாதிரி முகங்களோடு ஆட்கள் எழுந்து வருவார்கள். நாங்கள் அலறினோம். முன்வரிசையில் ஒருத்தி பாவாடையை நனைத்துவிட்டாள். அந்த ஒருத்தி நான்தான் என்று கல்யாணமான புதிதில் இவரிடம் உளறிவிட்டேன். அன்றிலிருந்து அது 'என் படம்'. அதைப் பார்த்துப் பயந்தவள் தீக்காய வார்டில் எப்படி வேலைக்குச் சேர்ந்தாள் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது.

இப்போது அதையே புதிதாக எடுத்திருக்கிறார்கள். டிரெய்லர் ஓடியது. கண் கூசும் வெளிச்சம். பிறகு சத்தமே இல்லாத ஒரு தெரு. ஒரு பெண் மெதுவாகத் திரும்புகிறாள்.

ஈரக் கையோடு போனைப் பிடுங்கி நிறுத்தினேன். இடது உதட்டோரம் மேலே இழுத்திருக்கிறது. புருவத்துக்கு வால் இல்லை. கன்னத்துத் தழும்பு கயிறு திரித்த மாதிரி இறங்கித் தாடைக்குக் கீழே போகிறது.

நடிகையின் முகமா அது? இல்லை. எங்கள் வார்டில் சிகிச்சை பெற்ற தையல்காரியின் முகம்.

மார்ச் 5, புதன்

தீக்காயம் ஆறும்போது தழும்பு தடித்து எழும். அதை அமுக்கிவைக்க முகமூடி செய்வது என் வேலை. மாவுக்கட்டு மாவால் முகத்தை அச்செடுத்து, அதன்மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை வார்ப்பேன். அச்சுகள் அலமாரியில் பூட்டியிருக்கும். ஒரு சாவி என்னிடம், இன்னொன்று வார்டு அண்ணனிடம். நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போவது, தரை துடைப்பது, எல்லாம் அவர்தான். நான் சேருவதற்கு முன்பிருந்தே இருக்கிறார்.

காலையில் முதல் வேலையாகத் திறந்தேன். கீழ்த்தட்டில் தையல்காரியின் அச்சு இருந்த இடத்தில் தூசி குறைந்த ஒரு வட்டம் மட்டும்.

"அண்ணே, இங்க இருந்த அச்சு எங்க?"

"அது எங்கயும் போயிருக்காதும்மா."

"அப்ப எங்க இருக்கு?"

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தெரியாதவர் 'தெரியாது' என்றுதானே சொல்வார்?

மார்ச் 7, வெள்ளி

அண்ணன் கையில் புது போன். பெரியது. எங்கிருந்து வந்தது?

மார்ச் 8, சனி

இவரிடம் சொன்னேன். சிரிக்கிறார்.

"சினிமாக்காரன் ஒரு முகத்த கற்பனை பண்ணி செஞ்சிருக்க மாட்டானா?"

"அந்தக் கன்னத்த என் விரலால தடவித் தடவி அச்செடுத்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"போன வாரம் பால்காரன் தண்ணி கலக்குறான்ன. அதுக்கு முன்னாடி, மாடி வீட்டுக்காரங்க நம்ம பேப்பரப் படிச்சிட்டுப் போடுறாங்கன்ன."

படித்துவிட்டுத்தான் போடுகிறார்கள். மடிப்பு கலைந்திருக்கிறது.

படுத்தபிறகு தோன்றியது: இவர் ஏன் அந்த டிரெய்லரை என்னிடம் காட்டினார்? சும்மாவா? சே. என் புத்தி எங்கெல்லாம் போகிறது.

மார்ச் 11, செவ்வாய்

தையல்காரிக்குப் போன் செய்தேன். காஸ் கசிந்து சமையலறையோடு சேர்ந்து எரிந்தவள். டிவியில் பழைய படத்தைப் பார்த்த தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'குண்டு மூஞ்சி'. அதிலிருந்து முந்தானையால் முகத்தை மூடாமல் வெளியே வந்ததில்லை. அப்படிப்பட்டவள் முகத்தை ஊர் முழுக்கப் போஸ்டரில் ஒட்டினால் என்ன ஆவாள்?

"செக்கப்புக்கு ஏன் வரல?" என்று மட்டும் கேட்டேன். முகத்தைப் பற்றி வாயெடுக்கவில்லை. அவளுக்குத் தெரியாமலே இருக்கட்டும்.

"கொஞ்சம் வேலை அதிகம்க்கா. வரேன்." பின்னால் ஆண்கள் பேசும் குரல்கள், சிரிப்பு. அவசரமாக வைத்துவிட்டாள்.

யார் அவர்கள்? மிரட்டுகிறார்களா? அல்லது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்து, வெளியே சொல்லாமல் அழுகிறாளா?

மார்ச் 13, வியாழன்

புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நிச்சயமா தெரியுமாம்மா?" என்றார்.

"சாவி ரெண்டே ரெண்டு டாக்டர். ஒண்ணு என்கிட்ட."

கையெழுத்தை அழுத்திப் போட்டேன். நியாயம் என் பக்கம் இருக்கும்போது ஏன் தயங்க வேண்டும்?

மார்ச் 18, செவ்வாய்

அண்ணனைச் சலவைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். வந்து சாவியை என் மேசையில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நோயாளிங்களுக்கு மத்தியானம் வெயில் அடிக்குது, அந்த ஜன்னல மட்டும் சாத்திடுங்க" என்றார். போய்விட்டார்.

ஒரு வார்த்தை மறுக்கவில்லை. செய்யாதவன் மறுக்க மாட்டானா? மாட்டானா — ?

மார்ச் 21, வெள்ளி

படம் வந்துவிட்டது. நான் போகமாட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

தையல்காரி வந்தாள். பையிலிருந்து துணி சுற்றிய எதையோ எடுத்து மேசையில் வைத்தாள். பிரித்தாள். அவளுடைய அச்சு.

"அண்ணன் எங்கக்கா? அவர்கிட்ட திருப்பிக் குடுக்கணும்."

"இது உன்கிட்ட எப்படி?"

"நான்தான் கேட்டு வாங்கினேன். 'என் முகம்தானே அண்ணே'ன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சாரு. 'ஆமா, உன்னுதுதான்'னு எடுத்துக் குடுத்தாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

சில மாதங்களுக்கு முன் அந்தப் படத்துக்குக் கந்தல் உடைகள் தைக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருக்கிறது. இப்போதும் அதே தையற்கூடத்தில்தான் வேலை; நான் போனில் கேட்டது அந்த ஆட்களின் குரல். அங்கேதான் மேக்கப்காரர் அவளைப் பார்த்திருக்கிறார்.

"உங்க முகம் மாதிரியே செய்யட்டுமான்னு கேட்டாரு. கேட்டாருக்கா. அதுவரைக்கும் என் முகத்தப் பத்தி யாரும் என்கிட்ட எதுவும் கேட்டதில்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன்.

"பழைய படத்துல வெந்தவங்க எல்லாம் பேய்க்கா. இதுல அவளுக்குப் பேர் இருக்கு, வீடு இருக்கு, ஒரு பொண்ணு இருக்கு. கதையச் சொல்லச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் சரின்னேன்." சுற்றிப் பார்த்தாள். "அண்ணன் எங்க?"

சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன்.

"போன் பண்ணீங்களே, அப்பவே கேட்டிருக்கலாமே" என்றாள்.

கேட்டிருக்கலாம். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளைத் தவிர எல்லோரிடமும் பேசியிருக்கிறேன்.

மார்ச் 26, புதன்

புகாரைத் திரும்பப் பெற்றேன். "போட்ட ஆர்டர மாத்த நாளாகும்" என்கிறார்கள். அந்தப் போன் அண்ணனின் மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்ததாம். கேண்டீனில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் —

மார்ச் 30, ஞாயிறு

இவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டேன்.

குண்டு விழுவது பழைய படத்தில்தான் பயங்கரம். இதில் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். பயத்தை வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள். நிலவறையில் அவள் மகளை மடியில் உட்காரவைத்துத் தலை வாருகிறாள், நாளைக்குப் பள்ளிக்கூடம் இருப்பது மாதிரி. வாரிக்கொண்டே இருந்தவள் நின்று சீப்பைப் பார்க்கிறாள். சீப்பு நிறைய முடி. மகளுக்குத் தெரியாமல் அதை உருட்டித் தன் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, மறுபடி வாருகிறாள்.

அப்போது அந்த முகம் திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. உதட்டோரம், புருவம், கயிறுத் தழும்பு எல்லாம். யாரும் அலறவில்லை. பொட்டலம் பிரிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அந்த முகத்தை மறைக்கத்தான் இவ்வளவு நாள் நான் அவளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது இவர், "அந்த அண்ணனப் போய்ப் பார்த்துட்டு வா" என்றார்.

ஏப்ரல் 2, புதன்

சாப்பாட்டு வேளையில் சலவைப் பிரிவுக்குப் போனேன். உள்ளே ஒரே ஆவி. அண்ணன் மலைபோல் குவிந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நின்று மடித்துக்கொண்டிருந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் அண்ணே."

கை நிற்கவில்லை. "படம் பார்த்தீங்களா?" என்றார்.

"பார்த்தேன்."

"நானும் முதல் வாரமே போயிட்டேன். அந்த முகம் வந்தப்ப பக்கத்து சீட்டுக்காரன் கண்ணத் தொடச்சிக்கிட்டான். எங்க வார்டுப் பொண்ணுய்யா இதுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்."

"ஆர்டர மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன். வார்டுக்கு வந்துடுங்கண்ணே."

"பார்க்கலாம் மேடம்."

மேடம். இத்தனை வருஷமாக 'அம்மா' என்று கூப்பிட்ட வாய்.

அவர் அடுத்த விரிப்பை உதறினார். அது ஒற்றை ஆளுக்கு அடங்காத நீளம். நான் கேட்காமலே எதிர் முனையைப் பிடித்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.