பசுக்களின் வயிற்றில் காந்தம்

ஜூன் 30
விடுமுறையின் முதல் நாள். நூலகத்திலிருந்து கை வலிக்க அள்ளி வந்த புத்தகங்களில் எதை முதலில் எடுப்பது என்றே தெரியவில்லை. நாளை மறுநாள் அப்பா மாட்டுத் தீவனத்துக்குக் குதிரைமசால் பயிரை அறுக்கிறார். முழங்காலைத் தாண்டி வளர்ந்து ஊதாப் பூ விட ஆரம்பித்திருக்கிறது. இரண்டு வருட வறட்சிக்குப் பிறகு சஸ்காட்செவானில் இப்படியொரு பசுமை. பால் கறக்கும்போது அப்பா உக்ரேனியப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். அம்மா, "போதும், பால் திரிஞ்சிடும்" என்றாள்.

ஜூலை 1
சுழல்காற்று. உயிரோடு இருக்கிறோம். பசுக்களும்.

ஜூலை 2
எங்கிருந்து எழுதுவது? நேற்று மாலை தென்மேற்கில் வானம் பச்சையாகி, காற்று சட்டென்று நின்றது. நிலவறைக்குள் இறங்கினோம். மேலே யாரோ வீட்டையே இழுத்துக்கொண்டு போவது போன்ற சத்தம். ஏறி வந்தபோது வீடு இருந்தது. மாட்டுக் கொட்டகை இருந்தது. இயந்திரக் கொட்டகை இல்லை. வேலி இல்லை. சாலைக்கு அப்பால் வோல்ட் குடும்பத்தின் அலுமினிய வீடு இல்லை — நல்லவேளை, ஜூலை முதல் தேதி, கனடா நாள் கொண்டாட்டத்துக்கு ஊருக்குள் போயிருந்தார்கள். எல்லாம் எங்கள் மேய்ச்சல் நிலத்திலும் குதிரைமசால் வயலிலும் கிடக்கிறது. தகரம், ஆணி, கம்பி, கண்ணாடி, யாருடையதோ ஒரு குளியல் தொட்டி.

ஜூலை 5
சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து எல்லோரும் வந்தார்கள். வாளியுடன் வரிசையாக வயலை நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கினோம். எனக்குப் பக்கத்தில் அடுத்த பண்ணை கார்னி பென்னர்.
"புத்தகத்துல இருந்து தலைய எடுத்தா நீ இவ்வளவு உயரமா, ஒரிஸ்யா?"
சிரித்துவிட்டேன். சிரித்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.
முடிந்ததும் அவர் என் அப்பாவிடம் போய், "இந்தப் பயிர மாட்டுக்குப் போடாத. எரிச்சுடு. இந்த அடர்த்தியில கண்ணுக்கு என்ன தெரியும்? பொறுக்குன எடத்துலயே என் பூட்ஸ்ல ஆணி ஏறுது" என்றார்.
"எரிச்சுட்டு எதப் போடறது? மேய்ச்சல் நெலமும் போச்சு."
"என்கிட்ட போன வருஷத்துப் புல்லு கெடக்கு."
"உன் மாட்டுக்கே பத்தாது அது. எனக்குத் தெரியாதா?"
பென்னர் குனிந்து பூட்ஸிலிருந்த ஆணியைப் பிடுங்கினார். அது உண்மை.

ஜூலை 8
அறுத்தாயிற்று. எங்கள் அறுவடை இயந்திரம் போய்விட்டதால் பென்னருடையது இரவல். கொடுக்கும்போது அவர் என் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த இயந்திரம் எல்லாவற்றையும் விரல் நீளத்துக்கு நறுக்கித் துப்புகிறது. எல்லாவற்றையும்.

ஜூலை 10
பசுக்கள் ஆசையாகத் தின்கின்றன.

ஜூலை 19
எங்கள் பசு மார்த்தா தீனியைத் தொடவில்லை. முதுகைக் குறுக்கி, முன்னங்கால்களை அகட்டி நிற்கிறது. அடி எடுத்து வைத்தால் முனகுகிறது. மாட்டு டாக்டர் வந்தார். பசு ஆராய்ந்து தின்பதில்லை, அப்படியே விழுங்கிவிடும். விழுங்கிய கம்பி வயிற்றைத் துளைத்து இதயம் வரை போகும் என்றார். எல்லாப் பசுக்களுக்கும் குழாய் வைத்துத் தொண்டைக்குள் ஆளுக்கொரு காந்தம் இறக்கினார். அது வயிற்றிலேயே கிடந்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அப்பா ஒவ்வொரு தலையையும் கட்டிப் பிடித்துக்கொண்டார். "சரியாயிடும், சரியாயிடும்" என்றார் — பசுவிடம்.
டாக்டரின் வண்டி வரை போனேன்.
"அலுமினியத்த காந்தம் பிடிக்காதே, டாக்டர்?"
பெட்டியை மூடினார். "படிக்கிற பிள்ள. அப்பாகிட்ட இன்னிக்குச் சொல்லாத."
மாலையில் அப்பா பென்னரிடம் தானே போய்ப் பழைய புல்லைக் கேட்டு வாங்கி வந்தார்.

ஜூலை 24
மார்த்தா செத்துவிட்டது.

ஜூலை 30
இன்னும் மூன்று. ஒன்றை டாக்டர் அறுத்துப் பார்த்தார். காந்தம் தன் வேலையைச் செய்திருந்தது. ஆணிகள் அதில் முள்ளம்பன்றி போல் சிலிர்த்து நின்றன. இதயத்தைக் குத்தியிருந்தது ஓர் அலுமினியச் சில்லு. அப்பா அதைக் கேட்டு வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். விரலை மூடப் போனார். அம்மாதான் பிடுங்கி எறிந்தாள்.
ஏம்ப்பா போட்டீங்க? பென்னர்தான் சொன்னாரே, எரிச்சுடுன்னு. ஏன் கேக்கல? — இதை இங்கே மட்டும்தான் கேட்க முடியும்.

ஆகஸ்ட் 14
எதன் வயிற்றில் என்ன இருக்கிறதென்று சொல்ல முடியாது என்றுவிட்டார் டாக்டர். மிச்சமிருந்தவற்றை அடிமாடாக லாரியில் ஏற்றிவிட்டார்கள். அப்பா வெளியே வரவில்லை. வண்டி போன பிறகு அம்மா கொட்டகையைக் கழுவினாள், மாலைக் கறவைக்குக் கழுவுவது போலவே. உதவிக்குப் போனேன். "போய்ப் படி" என்றாள். படிக்கவில்லை. அதே பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 4
பள்ளி திறந்தது. சரளைச் சாலை முனையில் மஞ்சள் பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் அப்பா — அவருடைய புது வேலை. எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வது போல எனக்கும் "குட் மார்னிங்" சொன்னார். நானும் சொல்லிவிட்டு அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.
பென்னரின் பசுக்கள் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. அப்பா இன்ஜினை அணைத்தார்.
"ஹார்ன் அடிங்க சார், லேட்டாகுது" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.
அப்பா அடிக்கவில்லை. கடைசிப் பசு மடி கனக்க மெல்ல நடந்து வேலிக்குள் போனது. பென்னர் கதவைச் சாத்திவிட்டு எங்களைப் பார்த்துக் கையசைத்தார். சாலை காலியாக இருந்தது. பேருந்து அங்கேயே நின்றது.