எட்டாம் தடத்தில் இருவர்

பிப்ரவரி 9

மழை. மைதானம் குளம். நெட்டையும் நானும் விடுதி மாடிப்படியில் ஏறி இறங்கினோம், காப்பாளர் வந்து திட்டும்வரை. "ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா?"

"இருந்தா இங்க ஏன் மேடம் இருக்கோம்?" என்றாள் நெட்டை.

ஒரே அறை, ஒரே தூரம். எண்ணூறு மீட்டர். பல்கலைக்கழக அணியில் இதற்கு மூன்று இடம். இரண்டு யாருக்கென்று எல்லாருக்கும் தெரியும். மீதி ஒன்று. இருவருக்குமே இது கடைசி வருடம். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

பிப்ரவரி 13

நெட்டை தூக்கத்தில் கால் உதைக்கிறாள். கட்டிலும் பயிற்சிக்கு வந்துவிட்டது.

பிப்ரவரி 20

தகுதிச் சுற்று. விழுந்தேன்.

ஓட்டத்தின் இரண்டாவது வட்டத்தில் பாதி. உள்ளோரத்தில் நான், முன்னால் ஒருத்தி, பக்கத்தில் ஒருத்தி. பின்னால் நெட்டை. மூச்சை வைத்தே தெரியும். பக்கத்திலிருந்தவள் விலகினாள். வெளியே காலை எடுத்து வைத்தேன். குதிகாலில் ஏதோ தட்டியது. அடுத்து நினைவிருப்பது ஓடுதளத்தின் ரப்பர் வாசனைதான். எழுந்து ஓடினேன். கடைசி. நெட்டை தேறிவிட்டாள்.

பயிற்சி மாஸ்டர் என் முழங்காலைப் பார்க்கவில்லை. "ஷூவக் காட்டு." வலது குதிகாலுக்கு மேல் துணி கிழிந்திருந்தது. "இது பின்னால வந்தவ ஸ்பைக்ஸ் ஆணி பட்ட கிழிசல். அரை மணி நேரத்துல முறையிடணும். நட."

அந்த வளைவில் நின்ற நடுவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாராம். தலைமை நடுவர் நெட்டையைக் கூப்பிட்டார்.

"உன் கால் பட்டுச்சாம்மா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்காலைப் பார்த்தாள்.

"பட்டுச்சு சார்."

"வேணும்னா?"

"வேணும்னு பண்ணியிருந்தா இவ எழுந்திருப்பாளா சார்?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தற்செயல் என்றார். அவள் இறுதிப் போட்டியில் ஓடலாம். நானும் ஓடலாம். ஆனால் தடம் எட்டு, ஆள் ஒன்பது. கூடுதலாக வந்தவள் எட்டாம் தடத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், தேறியவர்களில் மெதுவாக வந்தவளோடு.

மெதுவாக வந்தவள் நெட்டை.

அம்மா போனில்: "விழுந்தவள விட்டுட்டு ஓடினாளா? அவகூடவா ஒரே ரூம்ல இருக்க?"

ஓடாமல் என்னம்மா செய்வாள்? நான் ஓடியிருப்பேன்.

பிப்ரவரி 21

ஓய்வு நாள். முழங்காலில் போட்ட கட்டுத்துணியை நெட்டைதான் மாற்றினாள். பஞ்சை வெடுக்கென்று பிய்த்தாள். "கத்தாத. பக்கத்து ரூம்ல நான் உன்ன அடிக்கிறேன்னு நெனப்பாங்க."

ஏன் ஆமாம் என்றாள்? யாருமே பார்க்கவில்லையே. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் — இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. நன்றி சொல்லவும் வரவில்லை. சொன்னால் அது கடனாகிவிடும்போல.

பிப்ரவரி 22

இறுதிப் போட்டி. வெளிவளைவு நீளம் என்பதால் எட்டாம் தடத்தின் தொடக்கக் கோடு மற்றவற்றுக்குச் சில அடி முன்னால் இருக்கும். முதல் வளைவு முடியும்வரை யாரும் தடம் மாறக்கூடாது. அதுவரை ஏழு பேரும் முதுகுக்குப் பின்னால். கண்ணில் பட ஒருவரும் இல்லை. உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான், கையகல வழியில். முழங்கை இடித்தது.

"இடிக்காதடி."

"நீ இடிக்காத."

ஓடும்போது பேசியது அவ்வளவே.

பிறகு எல்லாரும் உள்தடத்துக்கு வந்தார்கள். கூட்டம், தோள், மூச்சு. முழங்கால் வலித்ததா? நினைவில்லை. கடைசி நேர்கோட்டில் முதல் இருவர் எட்டாத தூரத்தில். மூன்றாவதாக நெட்டை. அவளுக்குப் பின்னால் நான். அவள் இடது தோள் மேலே ஏறுவதைப் பார்த்தேன். அந்தத் தோள் ஏறினால் அவளிடம் மிச்சமில்லை என்று அர்த்தம். வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. மூன்று வருடம் அவளோடு ஓடியதால் எனக்குத் தெரியும்.

கடந்தேன்.

நான் மூன்றாவது. அவள் நான்காவது.

சாயங்காலம் அறையில், காலுறையைக் கழற்றியபடி கேட்டாள்: "ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"அன்னிக்கு பட்டுச்சுன்னு சொன்னேன்ல? இந்த முட்டிய வச்சுக்கிட்டு நீ கடைசியாதான் வருவன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. அப்புறம் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் சிரித்திருக்கக் கூடாதோ?

பிப்ரவரி 25

அணிச் சட்டை வந்தது. அறையில் போட்டுப் பார்க்கவில்லை. குளியலறைக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தேன். தொளதொளவென்று இருக்கிறது.

பிப்ரவரி 27

நெட்டை இப்போது சாயங்காலம் ஓடுகிறாள். காலையில் வகுப்புக்குப் படிக்க வேண்டுமாம். அவளா!

மார்ச் 6

ஆயிரத்து ஐநூறு மீட்டருக்குத் தேர்வு இனிமேல்தான். நெட்டை பெயர் கொடுத்துவிட்டாள். மாஸ்டர் சொல்லித்தான் தெரியும். ஏன் என்று அவளிடம் கேட்டேன்.

"எண்ணூறு ரொம்ப சின்னதுடி. மூச்சு பிடிபடுறதுக்குள்ள உன் முதுகு முன்னால வந்துடுது."

மார்ச் 8

காலையில் நெட்டை மைதானத்துக்கு வந்தாள். என் பக்கத்தில் கோட்டில் நின்றாள். இரண்டு சுற்று சேர்ந்தே போனோம், தோளோடு தோள். என் தூரம் முடிந்தது. நான் நின்றேன். அவள் நிற்கவில்லை.

குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எதிர்ப்பக்கத்தில் சின்னதாகத் தெரிந்தாள். வளைந்தாள். மறுபடி பெரிதானாள்.

"என்னடி வேடிக்கை? வழியில நிக்கிற, தள்ளு!"

தள்ளி நின்றேன்.