ரேடியோவுக்குத் தைத்த தோல் உறை

ஜூலை 14, திங்கள்

வருடத்தில் பத்து மாதம் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். இரண்டு மாதம் டெரிடோரியல் ஆர்மியில் நாயப் சுபேதார், சிக்னல் பயிற்சிப் பிரிவில் ஆசிரியர். இரண்டு இடத்திலும் எனக்கு மேலே உட்கார்ந்திருப்பவன் என்னைவிடக் குறைவாகப் படித்தவன். ஒவ்வொரு முகாமின் தொடக்கத்திலும் இதை எழுதிவிடுவது வழக்கம். எழுதினால் வயிறு கொஞ்சம் லேசாகிறது.

இன்று ஹேண்ட்செட் பாடம். பேசும்போது ஸ்விட்சை அழுத்து, பேசி முடித்ததும் விரலை எடு. ரேடியோவில் இதற்கு மேல் தத்துவம் எதுவும் கிடையாது. “ஸ்விட்ச் அமுங்கியே இருந்தால் என்ன ஆகும்?” என்று கேட்டேன். என் வகுப்பில் யாரும் தானாக வாயைத் திறப்பதில்லை. ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவன், பால் வண்டி ஓட்டுகிறவன் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தன்சீல் அகமதை எழுப்பினேன். ஆம்பூரில் தோல் ஃபினிஷிங்கில் வேலை செய்கிற பையன்.

“நம்ம பேசறது எல்லாருக்கும் கேக்கும் சாப். அவங்க பேசறது நமக்குக் கேக்காது.”

“அப்புறம்?”

“லைன் பிளாக் ஆய்டும். மத்தவங்க எல்லாம் மாத்து அலைவரிசைக்குப் போய்டணும். யாராவது ஒருத்தர் கன்ட்ரோலை எடுத்துக்கணும்.”

சரியான பதில். “உட்கார்” என்றேன். பாராட்டினால் கெட்டுப்போவான்.

ஜூலை 17, வியாழன்

தலைமை ஆசிரியராக இருக்கும் சுபேதார் இந்த முகாமோடு ஓய்வு. அடுத்து நான், அல்லது இன்பராஜ். ஜோலார்பேட்டை ரயில்வேயில் சிக்னல் டெக்னீஷியன். டிப்ளமோ. சர்வீஸில் எனக்கு இரண்டு வருடம் இளையவன். நான் எம்.எஸ்சி. எழுதவே வெட்கமாக இருக்கிறது, இந்த ஒப்பீட்டை.

போன வருடம் மேஜரிடம் அவன் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆபீஸ் கிளார்க் அன்றைக்கே எனக்குச் சொல்லிவிட்டான். “ராமலிங்கம் சார் பாடம் நல்லா எடுப்பார் சார். பசங்கதான் அவர்கிட்ட வாயைத் தொறக்க மாட்டாங்க.” பாராட்டு மாதிரி தொடங்கிக் கழுத்தில் வந்து முடிகிற வாக்கியம். இப்படிப் பேச எங்கே கற்றான்?

அடுத்த மாதம் ஏலகிரி மலையில் நடக்கும் ரேடியோ பயிற்சியைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்கிறார் மேஜர். நல்லது. அந்தப் பயிற்சியை வரைந்தவன் நான். மற்ற ஸ்டேஷன்களை நடத்துகிற கன்ட்ரோல் ஸ்டேஷனில் உட்காரப்போகிறவனும் நான். இன்பராஜ் அடிவாரத்தில் ஒரு ஸ்டேஷனைக் கவனித்துக்கொள்வான். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

விடுப்பில் ஆம்பூர். தோல் தைக்கிற நண்பன் தௌசீப்பின் பட்டறைக்குப் போய் ஹேண்ட்செட்டுக்கு அளவு கொடுத்துத் தோல் உறை தைத்துக்கொண்டேன். அரசாங்கம் கொடுத்த பிளாஸ்டிக் உறை இரண்டு முகாமுக்குக்கூடத் தாங்கவில்லை. இது மரப்பட்டை போட்டுப் பதனிட்ட நல்ல தோல், இரட்டைத் தையல். ஸ்விட்சுக்கு மட்டும் ஒரு சின்ன வாய்.

“பர்ஸுக்குத் தெச்சிருக்கேன், பெல்ட்டுக்குத் தெச்சிருக்கேன். ரேடியோவுக்குச் சட்டை இதான் மொதோ தடவை, தோஸ்த்” என்றான் தௌசீப். “சுன்னத் கல்யாணத்துக்குப் போட்டு அனுப்புற மாதிரி இருக்கு.”

வீட்டில் மோகனா தொட்டுப் பார்த்தாள். “எனக்கு ஒரு ஹேண்ட்பேக் கேட்டு மூணு வருஷம் ஆச்சு” என்றாள். உறையை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

ஜூலை 21, திங்கள்

“ஷோக்கா இருக்கு சார்” என்றான் இன்பராஜ். அவனுடைய ஹேண்ட்செட்டின் மேல் பால் பாக்கெட் கவர், அதன் மேல் ரப்பர் பேண்ட்.

ஆகஸ்ட் 2, சனி

தன்சீல் தேடி வந்தான். போன வருடம் காய்ச்சலில் ஆபரேட்டர் தேர்வில் தோற்றவன். இந்த வருடத் தேர்வு ஏலகிரிப் பயிற்சிதான்; அதிலும் தோற்றால் அவனுக்கு சிக்னல் கிடையாது, காவல் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள். மற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. இவனுக்கு இதுதான் கடைசி.

“மலை மேல இருக்கற ஸ்டேஷனை எனக்குக் குடுங்க சாப்.”

“அதுதான் இருக்கிறதிலேயே கஷ்டம்.”

“தெரியும் சாப்.”

கொடுத்தேன்.  

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஏலகிரி அடிவாரம். நாளைக்குப் பயிற்சி. சாயங்காலம் முழுக்க மழை. டென்ட்டுக்குள் ஒழுகி உறை ஊறிப்போய்விட்டது. காலையில் காய்ந்துவிடும். மற்றபடி எல்லாம் தயார். என்னைக் குறை சொல்ல எவனாலும் முடியாது.

ஆகஸ்ட் 9, சனி

இன்று எழுத முடியாது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எழுதிவிடுவதுதான் நல்லது. வேறு யாராவது கதையாகச் சொல்வதற்குள்.

நேற்று காலையில் உறை ஈரமாகவே இருந்தது. ஜீப்பின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஹேண்ட்செட்டைக் கழற்றி உறையோடு பானட் மேல் வைத்தேன். மொடமொடவென்று காய்ந்தது. எனக்குத் திருப்தி.

நனைந்த தோலைச் சூட்டில் காயவைத்தால் சுருங்கும். ஆம்பூரில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். என் அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் நின்று என்னைப் படிக்கவைத்தவர். எனக்குத் தெரியாதா? தெரியும். பானட் பக்கத்தில் நின்றபோது அது தோல் என்றே எனக்குத் தோன்றவில்லை. என் ஹேண்ட்செட் என்றுதான் தோன்றியது.

முதல் அழைப்பைக் கொடுத்து விரலை எடுத்தேன். விரல்தான் வந்தது. சுருங்கிய உறை ஸ்விட்சைக் கவ்விக்கொண்டது. ஒலிபெருக்கியில் ஒரு சத்தமும் இல்லை. வழக்கமான கரகரப்புகூட இல்லை. அதையாவது நான் கவனித்திருக்க வேண்டாமா? மலை மேல் மழை என்று நினைத்தேன். மறுபடி அழைத்தேன். எந்த ஸ்டேஷனும் வரவில்லை.

“இன்னா சாப், ஒருத்தனும் பேச மாட்டேன்றான்?” என்றான் டிரைவர் செல்வகுமார்.

அங்கேதான் ஆரம்பித்தது. எவன் பேசுவான், இன்பராஜ் வளர்த்த லட்சணம் அப்படி என்றேன். டிப்ளமோக்காரன் மேஜருக்கு டீ ஊற்றியே மேலே வந்தான் என்றேன். மேஜருக்கு ரேடியோவும் ஒன்றுதான், ரைஸ் குக்கரும் ஒன்றுதான் என்றேன். கல்லூரியில் எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறான் என்பதைச் சொன்னேன். ஆபீசர் தேர்வில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்களே, அதையும் சொன்னேன். மோகனாவைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் அது. செல்வகுமார் “ஆமா சாப், ஆமா சாப்” என்று கேட்டுக்கொண்டிருந்தான். நல்ல பையன், யார் எது சொன்னாலும் ஆமா என்பான்.

“அந்த தன்சீல் ஒருத்தன்தான் ஆபரேட்டர்னு சொல்ற மாதிரி இருந்தான். காது நல்ல காது. இதை அவன்கிட்ட சொல்ல மாட்டேன், தலைக்கு ஏறிடும். இப்ப பாரு, அவனும் கெட்டான்.” இதையும்தான் சொன்னேன். மதிப்பெண் தாளில் அவன் பெயருக்கு நேராகத் தோல்வி என்று குறித்தேன்.

மறுபடி பிடித்துக்கொண்ட மழையில் பைக் சத்தம். ரெயின்கோட்டோடு இன்பராஜ் இறங்கி வந்தான். என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டினான். என் கையிலிருந்து ஹேண்ட்செட்டை வாங்கினான். சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துத் தௌசீப்பின் இரட்டைத் தையலை நீளமாகக் கிழித்தான். ஸ்விட்ச் டக்கென்று மேலே வந்தது.

ஒலிபெருக்கி உயிர் பெற்றது. கரகரப்பு. யாரோ சிரித்துப் பாதியில் அடக்கிக்கொண்டது. அப்புறம் மலை மேலிருந்து தன்சீல், பாடம் ஒப்பிக்கிற குரலில், தன் ஸ்டேஷனின் அழைப்புப் பெயரோடு: “ஹலோ கன்ட்ரோல், சார்லி டூ. எல்லா ஸ்டேஷனும் மாத்து அலைவரிசையில இருக்கு. கன்ட்ரோல் என்கிட்ட இருக்கு. நீங்க வந்தா ஒப்படைக்கறேன். ஓவர்.”

அவனிடம் இரண்டு செட் இருந்தது. ஒன்றில் பயிற்சியை நடத்தியிருக்கிறான். இன்னொன்றில் என்னைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். எல்லா ஸ்டேஷனிலும் மாற்று செட் உண்டு. யார் யார் எதைக் கேட்டார்கள் என்று நான் விசாரிக்கப்போவதில்லை.

“எல்லாமே கேட்டியா?” என்றேன் இன்பராஜிடம்.

“ரைஸ் குக்கர்லேருந்து கேட்டேன் சார். அதுக்கு முன்னாடி டீ குடிச்சினு இருந்தேன்.”

செல்வகுமார் ஜீப்புக்கு அந்தப் பக்கம் போய் டயரைப் பார்க்க ஆரம்பித்தான்.

இன்பராஜ் தாழ்ந்த குரலில் சொன்னான். “செட் ரிப்பேர்னு போட்டுடலாம் சார். மேஜர் லைன்ல இல்ல. பசங்க வாயைத் தொறக்க மாட்டாங்க.”

அதே வாக்கியம். ஆனால் இந்த முறை எனக்காகச் சொல்கிறான்.

“செட் ரிப்பேர்னா தேர்வே செல்லாதே. தன்சீல்?”

“அவனுக்கு வேற எதுனா பண்ணலாம் சார். பாப்போம்.”

பார்க்கலாமாம். காவல் கம்பெனி கேட்டில் நிற்கவைத்துப் பார்க்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

என்ன யோசிக்க இருக்கிறது? இன்பராஜ் வாயை மூடிக்கொண்டிருப்பான். அதை நான் நம்புகிறேன், அதுதான் பேஜார். தலைமை ஆசிரியர் அறையில் நான் உட்கார்ந்திருப்பேன், அவன் கதவைத் தட்டி “வரலாமா சார்” என்பான். ஒவ்வொரு தட்டலிலும் அந்தப் பேனாக்கத்தி எனக்குத் தெரியும். இன்பராஜுக்குக் கடன்பட்டு ஒரு நாற்காலியா? வேணாம்டா சாமி. நான் எவன் தயவிலும் இதுவரை எதையும் வாங்கியதில்லை. அதனால்தான் எதுவும் கிடைக்கவுமில்லை.

தன்சீலுக்காகவா, இன்பராஜ்மேல் உள்ள கோபத்துக்காகவா? எதுவாக இருந்தால் என்ன. முடிவு ஒன்றுதான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். கிழிந்த உறையை மேஜரின் மேஜைமேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். பேசியதை மட்டும் “தேவையற்ற பேச்சு” என்று சுருக்கினேன். பின்வரிசையில் எவனோ இருமினான்.

“இந்த உறையைப் போடச் சொன்னது யார்?”

“யாரும் இல்லை சார்.”

“நீங்க ஆம்பூர்தானே?”

“ஆமாம் சார்.”

“நனைஞ்ச தோல் சூட்டுல சுருங்கும்னு தெரியாதா?”

“தெரியும் சார்.”

மேஜர் உறையை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினார். இன்னும் நாலு கேள்வி கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

கன்ட்ரோல் செயலிழந்ததும் விதிப்படி பொறுப்பை எடுத்துப் பயிற்சி முழுவதையும் நடத்தியவன் தன்சீல் அகமது, முழு மதிப்பெண் கொடுக்கவேண்டும் என்றேன். முன்பு போட்ட தோல்வி என்னுடையது, அவனுடையது அல்ல என்றேன்.  நன்றாகவே பேசினேன். இத்தனை பேர் முன்னால் இவ்வளவு தெளிவாக நான் எப்போதும் பேசியதில்லை என்றே நினைக்கிறேன்.

வெளியே வந்தபோது இன்பராஜ், “நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம் சார்” என்றான்.

“உன் பேனாக்கத்திக்கு நன்றி” என்றேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இன்பராஜுக்குத் தலைமை ஆசிரியர் ஆர்டர் வந்துவிட்டது. தன்சீல் தேர்வில் முதலிடம். ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா இனிப்பு வாங்கி வந்திருந்தான். என்னிடம் நீட்டியபோது, “தலைக்கு ஏறல சாப்” என்றான்.

முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. இரண்டு எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

வார இறுதிப் பயிற்சி. புதுக் குழு; தன்சீல்தான் இப்போது அவர்களுக்குச் செய்முறை சொல்லிக்கொடுக்கிறான். காட்பாடி முகாமில் இன்பராஜின் அறையைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகவேண்டும். நாற்காலியை மாற்றிவிட்டான். பழையதே நன்றாக இருந்தது.

ஹேண்ட்செட் பாடம். ஒரு பையன் பேசி முடித்துக் கீழே வைக்கும்போது சத்தமாக “உறை?” என்றான். பக்கத்தில் இருந்தவன் ஸ்விட்சைத் தடவிப் பார்த்து “இல்ல” என்றான். அடுத்தவனும் அப்படியே. அதற்கு அடுத்தவனும்.

“இது என்ன?”

எழுந்தவன் பெயர் இளம்பரிதி. “தெரியாது சாப். ஹேண்ட்செட்டைக் கீழ வெக்கறதுக்கு முன்னாடி கேக்கணுமாம். தன்சீல் உஸ்தாத் சொல்லிக்குடுத்தார். ஏன்னு கேட்டோம். அந்தக் கதை எங்க சாப் சொத்து, நான் தரமாட்டேன்னுட்டார்.”

ஜன்னலுக்கு வெளியே தன்சீல் கம்பத்தில் ஆன்டெனா கட்டுகிற சாக்கில் அசையாமல் நின்றிருந்தான்.

பாடத்தைத் தொடர்ந்திருக்கலாம். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மேஜைமேல் உட்கார்ந்தேன். தௌசீப்பின் பட்டறையிலிருந்து தொடங்கினேன். சுன்னத் கல்யாணம், பானட், மழை. ரைஸ் குக்கர் வந்தபோது கூரை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். ஆபீசர் தேர்வைச் சொன்னபோது சிரிப்பு நின்றது. நான் நிற்கவில்லை. இவ்வளவு ஒழுங்காக ஒரு பாடத்தை நான் எடுத்ததில்லை.

“வேற அலைவரிசைக்குப் போகாம உங்களையே கேட்டுனு இருந்தவன் யாருனா உண்டா சாப்?” என்று ஒருவன்.

“தேர்வுல எதுக்கு சாப் திருப்பி அனுப்பிச்சாங்க?” என்று இன்னொருவன்.

“அந்த உறை இப்ப எங்க இருக்கு சாப்?”

“டிரைவர் எதுவுமே சொல்லலையா சாப்?”

சாப்பாட்டு மணி அடித்தது. ஒருவனும் எழுந்திருக்கவில்லை. இன்பராஜ் வாசல்வரை வந்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

போகட்டும். இளம்பரிதி மறுபடி கையைத் தூக்கிக்கொண்டிருந்தான். “கேளு” என்றேன்.