படகு மூடிக்கு ஆறு அடுக்கு

ஜன. 27, செவ்வாய்

காலையில் கடும் பனி. துவைத்தது மதியம் வரை காயவில்லை. விரதம், ஒருவேளைதான். சிலிண்டர் மாற்றியாயிற்று (போனது 41 நாள் வந்தது).

இவர் சீக்கிரமே வந்துவிட்டார், கூட்டாளிப் பையன் டேவிட்டோடு. தொழிற்பேட்டை ஷெட்டில் இவர்கள் செய்த பைபர் பந்தயப் படகைக் கடலில் விட்டுப் பார்த்தார்களாம். டேவிட் ஓட்டுகிறவன். இவர் பக்கத்து சீட்டில் மீட்டரைப் பார்த்து வேகத்தைக் கத்திச் சொல்கிறவர்.

"அண்ணி, அண்ணாத்தே ஸ்பீடு சொல்றது கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்ற மாரியே கீது. தொண்ணூறு எறங்கு, நூறு எறங்கு!"

இவர்கள் பெயர் கொடுத்த வகுப்பில் நூறு கி.மீ.தான் எல்லை. தாண்டினால் சாட்டிலைட் கருவி காட்டிக்கொடுத்துவிடும், போட்டியிலிருந்து நீக்கம். படகோ 118 போயிற்றாம். ஷெட் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "போற வண்டியை எதுக்குப் புடிச்சு வெக்கணும்? மேல் கிளாஸ்ல பேர் குடு" என்றாராம். அங்கே எல்லையே கிடையாது.

சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அந்த வகுப்புக்கு வேறு விதி ஏதும் இல்லையா என்று கேட்டேன்.

ஜன. 29, வியாழன்

விதிப் புத்தகம் இவர் போனில். நான் எட்டாவதோடு நின்றவள். அகராதியை வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாக, இரண்டு நாளாக. மேல் வகுப்புக்கு வேண்டியவை:

— உட்காரும் இடத்துக்கு மேல் மூடி. ஆறு அடுக்கு பைபர். ஒவ்வொரு அடுக்கும் போட்ட நேரக் குறிப்போடு.
— பெல்ட்.
— கவிழ்ந்த சீட்டிலிருந்து தண்ணீருக்கடியில் தானே கழற்றிக்கொண்டு வெளியே வரும் சோதனை.

கீழ் வகுப்பில் மூடியும் இல்லை, பெல்ட்டும் இல்லை. கவிழ்ந்தால் ஆளை வெளியே வீசிவிடும், மிதப்பார்கள். மேல் வகுப்பில் உள்ளேயே கட்டிப்போட்டிருக்கும். மூடி தாங்கினால்தான் ஆள்.

இவரிடம் கேட்டேன். "அந்த ஸ்பீடுல தண்ணி தண்ணியா இருக்காதுமே. சிமெண்டு ரோடு." சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

ஜன. 31, சனி

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் கவிழ்ப்புச் சோதனை. இருவரும் தேறினார்கள். தலைகீழாகப் பதினொன்று வரை எண்ணினாராம். காதில் தண்ணீர். கூப்பிட்டால் திரும்புவதில்லை.

பிப். 2, திங்கள்

மூடி போட்ட நாள். இவர் தனியாகத்தான், டேவிட் வரவில்லை. இவர் கையெல்லாம் ரெசின் பசை, பேனா பிடிக்க முடியாது. எப்போதும்போல ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் ஸ்பீக்கரில் கூப்பிட்டார், நான் நோட்டில் ஏற்றினேன்.

1 — 9.10
2 — 10.25
3 — 11.50
4 — 2.15

அப்புறம் போன் இல்லை. ஐந்து மணி வரை பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

வந்ததும், "மீதி ரெண்டு நாளைக்கா?"

"பெயின்ட்டே அடிச்சாச்சு."

"புக்குல ஆறுன்னு போட்டிருக்கேங்க."

"மூக்குல வெயிட்டு ஏறுது. அலைல குத்திக்கினு பூடும். நான் போட்ற நாலு மத்தவன் போட்ற எட்டுக்குச் சமம்மே."

பெருமையாகத்தான் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிப். 5, வியாழன்

புது நோட்டு ஒன்று கொண்டுவந்தார். முதலிலிருந்து எழுதி ஆறாக்கித் தர வேண்டுமாம். "ஒன் கையெழுத்துதான் செக்கிங் ஆளுங்களுக்குப் பழக்கம்." முதலாளி எழுதச் சொன்னாரா என்றேன். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

எழுதினேன். 5 — 3.30. 6 — 4.45. நான் சும்மா உட்கார்ந்திருந்த நேரங்கள்.

பிள்ளையார் சுழி போடாமல் நான் எழுதிய முதல் பக்கம். கை வரவில்லை.

சாயங்காலம் கோயிலுக்குப் போகவில்லை. எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டதற்குத் தலைவலி என்றேன். அதுவும் பொய்.

பிப். 7, சனி

நாளைக் காலை பந்தயம். இவர் நேற்றே கிளம்பிவிட்டார். பை: டவல் 2, மாத்திரை, விபூதிப் பொட்டலம்.

மாலை டேவிட்டிடமிருந்து போன்.

"ரொம்ப தேங்ஸ் அண்ணி. எங்க ஊட்ல ஒரே அழுகாச்சி, போவாதன்னு. ஒன் நோட்டை போட்டோ புடிச்சுக் காட்டுனேன். டைம் டைமா எழுதிக்கீறாங்க பாரு, அண்ணி பொய் எழுதாதுன்னேன். கம்முனு ஆயிட்டா."

"மூடியைப் பத்தி அவர் எதுனா சொன்னாரா?"

"ஆறு லேயரு, இரும்பு மாரின்னாரு. முதலாளியே தட்டிப் பாத்துட்டு கைகுடுத்தாரு. இன்னாத்துக்குக் கேக்குற?"

"ஒண்ணுமில்லப்பா. சாப்ட்டியா?"

ஆக டேவிட்டுக்குத் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. இவருக்கும் எனக்கும் மட்டும். இவர் தெரிந்து உட்காருகிறார். அந்தப் பையனை என் கையெழுத்து உட்கார வைத்திருக்கிறது.

இவருக்கு விடாமல் அடித்தேன். கடைசியில் எடுத்தார்.

"அவன்கிட்ட சொல்லிடுங்க. இல்லாட்டி எறங்கிடுங்க ரெண்டு பேரும்."

"பூசை போட்டு எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. அபசகுனமாப் பேசாத, வையி."

பிப். 8, ஞாயிறு

காற்று. கடல் எப்படி இருக்கிறதோ. குளித்தேன், விளக்கேற்றினேன், ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

பதிவுப் படிவத்தின் நகலில் படகுப் பரிசோதகர் நம்பர். 7.05க்கு அடித்தேன். பின்னால் எஞ்சின் இரைச்சல்.

"மூடி நாலு அடுக்குதான் சார். ஆறு இல்லை."

"எங்க கையில ரெக்கார்டு இருக்கும்மா. ஆறு. நேரத்தோட."

"அது பொய் சார்."

"நீங்க யாரு? வேற டீமா?"

"அதை எழுதினவ."

அவர் படகு நம்பரைச் சொல்லி யாரையோ நிறுத்தச் சொல்லிக் கத்தினார். லைன் போய்விட்டது. நின்றதா, கிளம்பிவிட்டதா, தெரியவில்லை. திருப்பி அடித்தால் எடுக்கவில்லை. இவர் போன் சுவிட்ச் ஆஃப்.

7.30. 8.00. 8.20.

8.40 இவர் போன்.

"படகைக் கரையிலயே நிறுத்திட்டானுங்க. நீயா சொன்ன?"

"நான்தாங்க."

போனை வைக்கவில்லை. பக்கத்தில் டேவிட் குரல். இவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தான்.