கமடோரின் ஆறாம் விரல்

பீல்ஸ் தீவு,
மே 14

அன்பு மகள் ரூத்துக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் ஒன்பது பூனைகளும் சுகம். அலாஸ்காவில் நீயும் மாப்பிள்ளையும் சுகம் என்று ஞாயிறுதோறும் உன்னோடு போனில் பேசிவிட்டு உன் அம்மா வந்து சொல்வாள், நான் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்துகொண்டு கேட்டுக்கொள்வேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பயந்திருப்பாய். யாருக்கும் ஒன்றுமில்லை, மேலே படி.

இந்த வருஷம் குளிர் போக மனசில்லாமல் இருந்துவிட்டுப் போன வாரம்தான் கிளம்பியது, அதற்குள் கறுப்பு ஈ வந்து காது மடலைக் கடிக்கிறது. தோள்பட்டை ஆபரேஷனுக்கு அப்புறம் படகை விற்றுவிட்டதால் இப்போது முழுநேரமும் பூனைதான். "அப்போ சிங்கி இறால் நாத்தம், இப்போ பூனை நாத்தம், மனுஷ வாசனையோட ஒரு புருஷன் எனக்கு வாய்க்கலையே" என்று சர்ச்சில் பீன்ஸ் விருந்தன்று எல்லார் முன்னாலும் உன் அம்மா சொல்ல, பாதிரியார்கூடச் சிரித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை பியூலா ஐந்து குட்டி போட்டாள். ஈரம் காய்வதற்குள் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் மல்லாத்தி விரலைத்தான் முதலில் எண்ணினேன், ஆணா பெண்ணா என்று பார்ப்பதெல்லாம் அப்புறம், அந்தப் பழக்கம் போகவில்லை. மூன்று குட்டிக்கு முன்கால்களில் ஐந்துக்குப் பதில் ஆறாறு விரல், கையுறை மாட்டிய மாதிரி பாதம். இப்போது இதுதான் வேண்டும் என்று டெக்சாஸிலிருந்தெல்லாம் கூப்பிடுகிறார்கள். இதை உனக்கு எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நடந்தது உனக்குத் தெரியாதது இல்லை, ஆனால் என் வாயால் ஒரு தடவை முழுசாகச் சொல்ல வேண்டும் என்று உன் அம்மா பிடிவாதமாக இருக்கிறாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆறு விரல் என்றால் எனக்கு ஆகாது. அப்படிப் பூனையைக் கண்காட்சி மேடையில் ஏற்ற மாட்டார்கள், நானோ முதல் பரிசு ரிப்பன் வாங்கித்தான் தீருவேன் என்று திரிந்தேன். எல்ஸ்வொர்த்தில் ஓரின் தாக்ஸ்டர் வைத்திருந்த கடுவன் பூனை கமடோருக்கு அப்போது மூன்று வயது, இந்த மாநிலத்திலேயே அழகன் என்று பேர். நம் மார்த்தாவை அதனோடு சேர்க்க மூன்று நாள் அங்கே விட்டுக் கூட்டி வந்தோம். வந்த பிறகும் வேறு கடுவன் அண்டாமல் ஒரு வாரம் அவளை அடைத்து வைக்க வேண்டும், அந்த வாரம் பார்த்து நான் கடலுக்குப் போய்விட்டேன், பூனை அறைத் தாழ்ப்பாளை உன் பொறுப்பில் விட்டேன். ஒன்பது வாரம் கழித்து மார்த்தா போட்ட நாலு குட்டியில் மூன்றுக்கு ஆறு விரல். தாய்க்கும் தகப்பனுக்கும் இல்லாத விரல் குட்டிக்கு வராது. மார்த்தாவுக்கு ஐந்து, கமடோருக்கு ஐந்து. இரை மீன் கொட்டகையில் சுற்றிக்கொண்டிருந்த கறுப்பு வெள்ளைக் கடுவனுக்குத்தான் ஆறு. நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. "நான் தாழ்ப்பாள் போட்டேம்பா, தினம் ரெண்டு தடவ இழுத்துப் பாத்தேம்பா" என்று நீ சொன்னாய். "ஒரு குட்டிகூட கறுப்பு வெள்ளை இல்லையேப்பா, எல்லாம் கமடோர் கலர்தானே" என்றுகூடச் சொன்னாய். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இருந்த கண் எனக்கு இல்லை. "பொய்யக்கூட உருப்படியா சொல்லத் தெரியல உனக்கு" என்று அன்று வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகள் முன்னால் சொன்னேன். நீ பிஸ்கட் என்று பேர் வைத்திருந்த குட்டியையும் சேர்த்து மூன்றையும் நீ பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தபோது படகுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த இலையுதிர்காலத்திலேயே நீ கிளம்பிவிட்டாய்.

இந்த மார்ச்சில் ஓரினை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். கிழட்டுக் கமடோரை எடுத்துக்கொள்ள ஆளில்லை, பதினைந்து வயது, முன்கால் இரண்டும் நொண்டல். நான் கூட்டி வந்தேன். நொண்டலைக் காட்ட மச்சையஸில் இருக்கிற புது மிருக டாக்டரிடம் போனேன், பெல்கி என்று சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "இங்க ஒரு எலும்பு பாதியில நிக்குது பாருங்க மிஸ்டர் ஆலி. ரெண்டு கால்லயும் அதே இடம். அடிபட்டா இப்படி ஒண்ணுபோல படாது. குட்டியா இருக்கறப்பவே ஆறாவது விரல வெட்டி எடுத்திருக்காங்க" என்றாள். அந்த எக்ஸ்ரேயை வாங்கி நானும் ஒரு தடவை பார்த்தேன். நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வண்டியில் வந்து உட்கார்ந்து அந்தப் பூனையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன் ரூத். அழுகிற ஆள் இல்லை நான், உனக்குத் தெரியும்.

மறுநாள் ஓரினைப் போய்ப் பார்த்தேன். மடியில் கம்பளியோடு உட்கார்ந்திருந்தான். சண்டை போடத்தான் போனேன். கேட்டதும் மறைக்கவில்லை. "ரிப்பனுக்காக வெட்டினேன்டா மெரில். உன் மக மேல பழி விழுந்துச்சுன்னு அப்பவே காதுல விழுந்துச்சு. வாயத் தொறந்தா என் பேரு போயிடும்னு இருந்துட்டேன்" என்றான். அவனைத் திட்டாமலே திரும்பி வந்தேன். அவன் செய்தது பூனைக்கு. உனக்குச் செய்தது நான். அவன் என்னை ஏமாற்றியிருக்கலாம், ஆனால் பெற்ற பெண்ணின் பேச்சைவிடக் கண்டவன் பூனையின் பாதத்தை நம்பு என்று அவன் எனக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து குட்டிக் கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். அந்த ஏப்ரல் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது, "தகப்பன் தெரியவில்லை, ரூத் தாழ்ப்பாள் போடவில்லை." இத்தனை வருஷமும் குட்டி வாங்க எவனெவனோ வந்து புரட்டிப் பார்க்கிற புத்தகம். அதை அடித்துவிட்டு, "தகப்பன் கமடோர், ரூத் தாழ்ப்பாள் போட்டிருந்தாள்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "பூனைக்கு அப்பன் யாருன்னு கண்டுபிடிச்சிட்ட. இவளுக்கு அப்பன் எங்கய்யா இத்தன வருஷமா?" என்றாள். அதற்கப்புறம் இந்தக் கடிதத்தை எழுதி முடிக்க ஆறு வாரம் ஆகிவிட்டது.

என்னை மன்னித்துவிடு அம்மா. பிஸ்கட் ஒரு படகில் பத்து வருஷம் நன்றாக இருந்து போய்ச் சேர்ந்தது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதைத் திருப்பித் தர என்னிடம் வழியில்லை. பியூலாவின் குட்டிகளில் ஒன்றை அனுப்பட்டுமா என்று கேட்க நினைத்தேன், அதற்கு இது ஈடு என்று நீ நினைத்துவிடக் கூடாதே என்று விட்டுவிட்டேன். நீயாகக் கேட்டால் உண்டு.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், கடவுள் உங்கள் கூடவே இருக்கட்டும். பனியில் வண்டி ஓட்டும்போது பார்த்து ஓட்டு. பதில் எழுதித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் ஒன்று, வருகிற ஞாயிறு போன் அடித்தால் நான்தான் எடுப்பேன். பேசப் பிடிக்கவில்லை என்றால் அம்மாவைக் கூப்பிடு என்று சொல், ஒன்றும் நினைக்காமல் கொடுத்துவிடுகிறேன். அந்த ஒரு வார்த்தையாவது உன் குரலில் கேட்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன்னை நம்பாமல் போன அப்பா,
மெரில் ஆலி