ஆடிட்டர் மாமா வரும்போது நான் இருக்க மாட்டேன்

அப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடுபண்ணிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஆடிட்டர் மாமா வரும்போது நான் இருக்க மாட்டேன். மாலை வகுப்பில் இன்றைக்கு வயரிங் பரீட்சை. தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். நேற்றே சொல்ல வாயெடுத்தேன். "அவர் ஆபீஸ்ல சேர்றேன்னு நீயே சொல்லிடு, என் மானத்த வாங்காத" என்றீர்கள்.

எனக்குக் காய்ச்சல் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். சொன்னால் அவர் நாளைக்கும் வருவார், நானும் தலையாட்டிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்ல உங்களுக்கு வாய் வராவிட்டால் இந்தச் சீட்டைக் காட்டுங்கள்.

எனக்கு இந்த வயரிங் வேலை வருமா என்பதும் சந்தேகம்தான். போன வாரம், கரண்ட் வரும் வயரில் கொடுக்க வேண்டிய சுவிட்சை நியூட்ரலில் கொடுத்துவிட்டேன். விளக்கு அணைந்தது, ஹோல்டரில் கரண்ட் அப்படியே இருந்தது. "தொட்டவன் போய்ச் சேர்ந்திருப்பான்மா" என்றார் வாத்தியார். ஆனால் கழற்றித் திரும்பப் போட்டபோது என் கை நடுங்கவில்லை, அப்பா.

பி.கு: மாமாவுக்குக் காபி போட ஃபிரிட்ஜில் பால் இருக்கிறது.

இன்னொன்று: அவசரத்தில் என் சாவியை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டேன், அதனால் இந்தச் சீட்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன். நான் வந்ததும் நீங்கள் எதுவும் பேச வேண்டாம். பாஸா என்றுகூடக் கேட்க வேண்டாம். கதவை மட்டும் திறந்துவிடுங்கள்.