எதிர்ச்சுவருக்கு ஒரு பாலம்

ஜனவரி 28, செவ்வாய்

வியாபாரம் சுமார். ஒரு குக்கர், இரண்டு கேஸ்கட். கல்யாணச் சீருக்கென்று எட்டுப் பேர் வந்து அண்டா முதல் கரண்டி வரை தட்டித் தட்டிப் பார்த்து விலை கேட்டுப் போனார்கள். கல்யாணப் பெண்ணுக்கு இப்போது பத்து வயதாவது ஆகியிருக்குமா என்று சந்தேகமாக இருக்கிறது.

காலையிலிருந்து கடைக்கு முன்னால் வெயிலில் ஒரு பெண் நின்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு ஸ்டூல் போட்டேன். பெயர் கலைச்செல்வி, ஊர் பனமலை, எம்.எஸ்சி. கணிதம். எழில் நகரத் திட்டம் என்று புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறார்களாம், அதில் ஒப்பந்த வேலை. எங்கள் கடைத்தெருவில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் சாலையைக் கடக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். இந்த வாரத்தில் ஏதாவது ஒரு நாள், காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை.

மதியம் வரை எத்தனை என்று கேட்டேன். அறுபத்தொன்பது என்றாள். அதில் நான் டீ குடிக்கப் போய் வந்ததே நான்கு தடவை. எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது? மூடிக்கிடக்கும் ரைஸ்மில்லின் நீளச் சுவரும், அதன் ஓரத்தில் அமிர்தவல்லியம்மாவின் டீ வண்டியும், வண்டியில் கட்டியிருக்கும் மோனிகாவும்தான். மோனிகா என்பது ஆடு. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு விற்க ஓட்டிப்போய், மனசு வராமல் திரும்ப ஓட்டிவந்த ஆடு.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ராஜாக்கள் கோட்டை கட்டி ஆண்ட ஊர். அதற்கு அறுபத்தொன்பது பேர் என்று ஏதோ ஓர் ஏ.சி. அறையில் உட்கார்ந்து படிப்பார்களா?

"அதைக் கிழிச்சிப் போட்டுட்டு நாளைக்கி வாம்மா. நாளைக்கித்தான் எங்க ஊரு கூட்டம் இன்னான்னு தெரியும்" என்றேன். கூட்டத்தைப் பார்த்தால் ஒரு நிழற்குடையாவது கட்டித் தருவார்கள் அல்லவா?

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம். அமாவாசையன்று மட்டும் ஸ்பெஷல் பஸ்கள் ரைஸ்மில் சுவர் ஓரமாக நிற்கும். வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் என் கடைப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கடந்தாக வேண்டும். கலைச்செல்வி ஒருத்தியால் முடியவில்லை. பெரிய மனசு பண்ணி நானும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டேன். அவள் போகிறவர்களை எண்ணினாள், நான் வருகிறவர்களை எண்ணினேன்.

மாலை ஆறு மணிக்கு மொத்தம் 14,212. எனக்கு அப்படி ஒரு பெருமை.

"அமாவாசைன்னு எங்கயாவது எழுதணுமேண்ணா" என்று போனில் இருந்த படிவத்தில் தேடினாள். எண்ணைப் போட ஒரு கட்டம் இருந்தது. வேறு எதையும் எழுத இடமே இல்லை.

"இன்னா இப்போ? நம்பர்தானே கேக்கறான், நம்பரைக் குடு" என்றேன்.

ஜனவரி 30

கோடு போட்டுப் போட்டு வலது கை தூக்க முடியவில்லை. பிருந்தா தைலம் தேய்த்துவிட்டாள். இட்லிக் குண்டான் மூட்டையைத் தூக்கினேன் என்று சொல்லிவைத்தேன். ஊருக்கு நல்லது செய்வதைப் பெண்டாட்டியிடம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

மார்ச் 11, செவ்வாய்

ரங்கநாதன் என்று ஓர் இன்ஜினியர் திட்ட அலுவலகத்திலிருந்து வந்தார். டேப் பிடித்து அளந்தார், என் கடை வாசலில் மஞ்சள் பெயின்டால் பெரிய கட்டம் போட்டார்.

"நிழற்குடையா சார்?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டேன்.

"நடைமேம்பாலம் சார். டெய்லி பதினாலாயிரத்து இருநூத்திப் பன்னெண்டு பேர் ரோடு கிராஸ் பண்றாங்க. எவ்ளோ டேஞ்சர் தெரியுமா? உங்க உயிருக்காகத்தான் சார் பண்றோம்."

மஞ்சள் கட்டத்தில்தான் படிக்கட்டு இறங்குமாம். கடைக்குள் போய்வர மூன்றடி சந்து விடுவார்களாம். கல்யாண அண்டா மூன்றே காலடி. அண்டா வெளியே தெரிந்தால்தான் சீர் வாங்குகிறவன் உள்ளே வருவான். சீர் வியாபாரம் இல்லையென்றால் கேஸ்கட் விற்றா குடித்தனம் நடத்துவது?

"அந்தப் பக்கம் படிக்கட்டு எங்க சார் இறங்கும்? அங்க சுவருதானே இருக்குது?"

"அந்தப் பக்கப் படிக்கட்டு ஃபேஸ் டூ சார்."

"ஃபேஸ் டூ எப்போ?"

"ஃபேஸ் ஒன் எப்படி யூஸ் ஆவுதுன்னு பாத்துட்டு."

மார்ச் 12

சாப்பாடு இறங்கவில்லை. பிருந்தா தட்டை வைத்துக்கொண்டே, "எந்தப் புண்ணியவான் இப்படி எண்ணிக் குடுத்தானோ, அவன் கை வெளங்குமா?" என்றாள்.

கை இன்னும் லேசாக வலிக்கத்தான் செய்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

கடைக்காரர்கள் கூடிப் போராட்டக் குழு அமைத்தோம். என்னைச் செயலாளராகப் போட்டார்கள். "விக்ரமன் சாருக்குத்தான் இந்த விஷயம் முழுசா தெரியும்" என்றார் ஜவுளிக்கடைக்காரர். தெரியும்தான்.

மார்ச் 24, திங்கள்

மனு கொடுக்கப் போனோம். ரங்கநாதன் டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்ன வழியும் சுலபமாக இருந்தது. எண்ணிக்கை பொய் என்று குழு எழுதிக் கொடுத்தால் போதும். எண்ணிய பெண்ணை வேலையை விட்டு எடுத்துவிட்டு வேறு ஆள் வைத்து மறுபடி எண்ணுவார்கள். பாலம் அதோடு நின்றுபோகும்.

எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். செயலாளர் கையெழுத்து முதலில் இருக்க வேண்டுமாம்.

மார்ச் 27, வியாழன்

கலைச்செல்வி வந்தாள். கையில் நோட்டீஸ். பொய்க் கணக்குக் கொடுத்ததற்காக ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள், பத்து நாளில் பதில் தர வேண்டும். மனுவில் என் கையெழுத்தைப் பார்த்திருப்பாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"உங்க பேரை நான் சொல்லலண்ணா" என்றாள். நோட்டீஸை மடித்துக்கொண்டே, "நைனாவுக்கு முதுகு போயிடுச்சி. வூட்ல என் சம்பளம்தான். அதுகூட எப்படியாவது சமாளிச்சிக்கலாம். நான் பாத்ததைத்தாண்ணா எழுதுனேன். பொய்யின்னு எழுதிட்டாங்களே, அதான் தாங்க முடியல" என்றாள்.

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அவள் திட்டியிருந்தால் தேவலாம்.

நான் இன்னாத்துக்கு வாயைத் தொறந்தேன்? அந்தப் பொண்ணு பாட்டுக்கு அறுபத்தொம்போதுன்னு எழுதிக்கினு போயிருக்கும். ஊரு கௌரவமாம் — எனக்கு இன்னா, கோட்டையை எழுதியா வெச்சிருக்குது?

மார்ச் 28

அண்டா மூன்றே காலடி, சந்து மூன்றடி. நாள் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த டம்ளரையும்.

மார்ச் 29, சனி

இன்றும் அமாவாசை. வெளியே அதே கூட்டம், யாரும் எண்ணவில்லை.

பிருந்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ தைலம் தேச்சது இதுக்கா?" என்றாள். சிரிப்பாளா, அடிப்பாளா என்று தெரியவில்லை. "மொதல்ல போயி அந்தப் பொண்ணுக்கு ஒரு வழி பண்ணிட்டு வாங்க. சோறு அப்புறம்."

உட்கார்ந்து கடிதம் எழுதினேன். அமாவாசையன்று எண்ணச் சொன்னவன் நான். எண்ணிக்கையில் பாதி நானாக முன்வந்து எண்ணியது. எண்ணிக்கை பொய் இல்லை, நாள்தான் தப்பு. அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை. அடுத்த தடவை படிவத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம் வையுங்கள். மற்ற நாளில் மதியம் வரை கடப்பவர்கள் அறுபத்தொன்பது, அதில் நான்கு நான்.

குழுவிலும் படித்துக் காட்டினேன். ஜவுளிக்கடைக்காரர்தான், "செயலாளர் வேலையை முன்கூட்டியே ஆரம்பிச்சிட்டீங்க போல" என்றார்.

ஏப்ரல் 21, திங்கள்

பதில் வந்துவிட்டது. கலைச்செல்வி மீதான நோட்டீஸ் ரத்து. இந்த வரியைப் படித்ததும் எழுந்து போய் அமிர்தவல்லியம்மா வண்டியில் இருந்த எல்லாருக்கும் டீ சொன்னேன்.

அப்படியே நிறுத்தியிருக்கலாம். டீயோடு இரண்டாவது பத்தியைப் படித்தேன். அப்படியே எழுதிவைக்கிறேன், பின்னால் நானே நம்பமாட்டேன்: "உள்ளூர் வணிகரும் போராட்டக் குழுச் செயலாளருமான திரு. விக்ரமன் அவர்கள் கணக்கெடுப்பில் தாமாக முன்வந்து பங்கேற்றதை எழுத்து மூலம் உறுதி செய்துள்ளார். எண்ணிக்கை பொய் இல்லை என்றும் சான்றளித்துள்ளார். எனவே திட்டத்துக்கு வணிகர்களின் இசைவு பெறப்பட்டதாகக் கருதி, பணி தொடங்கலாம்."

செப்டம்பர் 8, திங்கள்

பாலம் திறந்தாயிற்று. மாலை, சால்வை, மைக் செட். வந்தவர்கள் வரிசையாக என் வாசல் படியில் ஏறினார்கள், சாலைக்கு மேலே நடந்தார்கள், ரைஸ்மில் சுவருக்கு மேலே பாலம் முடிகிற இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், திரும்பி அதே படியில் இறங்கினார்கள். அந்தப் பக்கம் இறங்க வழி இல்லை.

அண்டாக்களை உள்ளே அடுக்கிவிட்டேன். பகலிலும் லைட் போட வேண்டியிருக்கிறது. சீர் வாங்க ஒரு குடும்பம் வந்து, தேடிக்கொண்டே கடையைத் தாண்டிப் போய்விட்டது.

அக்டோபர் 6

ரங்கநாதன் வந்தார். புதன்கிழமை பயன்பாட்டுக் கணக்கெடுப்பாம். "ஒருத்தர்கூட ஏறலைன்னு வந்துச்சின்னா வேஸ்ட்டுன்னு நானே எழுதிப் படிக்கட்டை எடுத்துடறேன் சார். ஒருத்தர் ஏறிட்டாலும் என் கையில இல்ல" என்றார்.

ஒரு நாள். ஒரே ஒரு நாள் யாரும் ஏறாமல் இருந்தால் என் வாசல் எனக்கு.

அக்டோபர் 8, புதன்

எண்ண வந்தது கலைச்செல்வி. "காலண்டரைப் பாத்துட்டுத்தாண்ணா வந்தேன்" என்று சிரித்தாள்.

காலை ஆறு மணிக்கே படிக்கட்டின் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஸ்கூல் பிள்ளைகள் ஏற வந்தார்கள், மேலே குளவிக்கூடு இருக்கிறது என்றேன். கோட்டை பார்க்க வந்த இரண்டு பேர் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பெயின்ட் ஈரம் என்றேன். மதியச் சாப்பாட்டை பிருந்தா ஸ்டூலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். மாலை ஐந்து வரை பூஜ்யம். கலைச்செல்வியும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நாற்பதுக்கு மோனிகா கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. எனக்கும் படிக்கட்டுக் கைப்பிடிக்கும் நடுவில் புகுந்து படியில் ஏறிவிட்டது. ஆடு கணக்கில் வராது என்று கலைச்செல்வி சொன்னாள், நிம்மதியாக இருந்தேன். மோனிகா நேராகப் பாலத்தின் அந்தக் கோடிக்குப் போய், கம்பிக்கு நடுவில் தலையை விட்டு மாட்டிக்கொண்டு அலற ஆரம்பித்தது.

அமிர்தவல்லியம்மா கீழே நின்று, "ஐயோ, மோனிகா! குதிச்சிடாதடீ!" என்று கத்தினாள். மூட்டு வலிக்காரி, இரண்டு படி ஏறமாட்டாள். "சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும் சார்!"

இருபது நிமிடம் பொறுத்தால் வாசல் கிடைக்கும். ஆடு அதற்குள் திமிறித் திமிறிக் கழுத்தை முறித்துக்கொள்ளும். நாலு நிமிடம் பொறுத்தேன். அதற்கு மேல் கேட்க முடியவில்லை. ஏறிவிட்டேன்.

கொம்பைத் திருப்பித் தலையை எடுத்துவிட்டு, ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். அங்கிருந்து ராஜகிரிக் கோட்டை முழுசாகத் தெரிகிறது. இறங்கும்போது அழுகையும் சிரிப்புமாக வந்தது. சட்டை முழுக்கப் புழுக்கை.

கலைச்செல்வி முதுகைக் காட்டிக்கொண்டு கடைச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். "நான் ஒண்ணும் பாக்கலண்ணா" என்றாள்.

"வேணாம்மா. பாத்ததை எழுது."

போனில் எழுதினாள். இந்தத் தடவை குறிப்புக் கட்டம் இருந்தது. அதில் எழுதியதை எனக்குக் காட்டினாள்: "ஏறியவர் ஒருவர். ஆட்டைக் காப்பாற்ற ஏறினார்."

நவம்பர் 24, திங்கள்

கடிதம் வந்தது. பயத்தில் பிருந்தாவைப் படிக்கச் சொன்னேன். பாலத்துக்குப் பயன்பாடு இருப்பது உறுதியாகியுள்ளது. கால்நடைகளும் பயன்படுத்துவது குறிப்பில் தெரியவந்துள்ளது. ஆகவே படிக்கட்டு பொருத்தமற்றது, சாய்தளம் அமைக்கப்படும். சாய்தளத்துக்கு நீளமான இடம் தேவை. கடைப் பக்கம் இடம் இல்லாததால் அது ரைஸ்மில் பக்கம் அமையும், கடைப் பக்கப் படிக்கட்டு அகற்றப்படும்.

பிருந்தா இரண்டு தடவை படித்தாள். "அப்போ பாலம் அங்க ஏறி, நம்ம கடைக்கு மேல வந்து நின்னுடுமா?"

"ஆமா."

"எறங்கறதுக்கு?"

"ஃபேஸ் த்ரீயா இருக்கும்."

டிசம்பர் 30, செவ்வாய்

படிக்கட்டை அறுத்து லாரியில் ஏற்றிப் போனார்கள். அண்டாவை வாசலில் வைத்தேன். வெயில் பட்டுப் பளபளவென்று இருந்தது. மோனிகா புதுச் சாய்தளத்தில் ஏறி, என் போர்டுக்கு மேலே வந்து நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ஜனவரி 6, செவ்வாய்

கலைச்செல்வி ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள். இன்னும் ஒரு வருஷத்துக்கு வேலை நீட்டித்திருக்கிறார்களாம். அடுத்த வேலையும் எங்கள் தெருவில்தான். ஒரு நாளைக்கு எத்தனை ஆடுகள் இந்த வழியாகப் போகின்றன என்று எண்ண வேண்டும். ஏதாவது ஒரு நாள்.

"எந்தக் கெழமை வரட்டும்ணா?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்டுச் சந்தையைப் பார்க்க வேண்டும். விடியற்காலையிலேயே லாரி லாரியாக வந்து இறங்கும், தெரு கொள்ளாது. வேறு எந்த ஊரிலும் அப்படி ஒரு கூட்டம் கிடையாது. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

கல்லாவுக்குப் பின்னால் நின்ற பிருந்தா என்னைப் பார்த்தாள்.

"நீயே பாத்துக்கோம்மா" என்றேன்.